மஞ்சள் விளக்கின் பூர்வீகம்

உங்கள் காருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டதா? அப்படியானால், டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன மஞ்சள் விளக்கை நீங்கள் ஒருமுறையாவது சந்தித்திருப்பீர்கள். வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலையில் கிளப்பும்போது லேசாக ஓர் உதறல், சிக்னலில் நிற்கும்போது சின்னதாக ஒரு குலுக்கல்... அவ்வளவுதான். ஆனால், விளக்கு மட்டும் அணையாமல் முறைத்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கிடம் போனால், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ‘பி-0171 சார்... லீன் மிக்ஸர் காட்டுது’ என்பார். கூடவே, ‘ஆக்ஸிஜன் சென்ஸார் போயிருக்கும், மாத்திடலாம்’ என்றும் சொல்லக்கூடும்.

உடனே தலையாட்டிவிடாதீர்கள்! புகார் கொண்டுவந்தவனையே பிடித்து லாக்கப்பில் போடுகிற கதையாக அது முடியலாம். ஒரு பெரிய நகரமே ஒரு காலத்தில் இப்படித்தான் தப்பான ஆளைப் பிடித்துவிட்டு, பிரச்னை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது. உங்கள் டாஷ்போர்டில் எரியும் விளக்கின் பூர்வீகமும் அந்த நகரம்தான். அந்தக் கதை தெரிந்தால், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், ‘லீன்’ என்றால் என்ன? ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். (ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசித்துப் பார்த்தால், கார் என்பது பெட்ரோலைவிடக் காற்றை அதிகமாகக் குடிக்கிற ஜந்து!) பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. காற்று கூடினால் ‘லீன்’. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பிலும் இதே சமாசாரம் உண்டு. காற்று குறைந்தால் ஜுவாலை மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும். காற்று ரொம்பக் கூடினால் ஜுவாலை பர்னரைவிட்டுத் துள்ளி, அணையப் பார்க்கும்.

இந்தக் கணக்கைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் கவலைப்பட வேண்டிய அவசியம் வெகுகாலம்வரை ஏற்படவில்லை. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அனுபவசாலி மெக்கானிக் ஒருவர் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே அதை அரைச் சுற்று திருகுவார். ‘போங்க, இனிமே பறக்கும்!’ விஷயம் முடிந்தது.

முடியவில்லை என்று தெரியவந்த இடம், லாஸ் ஏஞ்சல்ஸ்.

1943, ஜூலை 26. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். காலையிலேயே நகரத்தின்மேல் ஒரு புகைமூட்டம் இறங்கியது. மூன்று தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. தொண்டை கரகரத்தது. ‘ஜப்பான்காரன் விஷப்புகை போட்டுவிட்டான்!’ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லையே, பயம் நியாயம்தானே?

ஜப்பான் இல்லை என்று தெரிந்ததும், அடுத்த சந்தேகம் ஊருக்கு நடுவே இருந்த ஒரு தொழிற்சாலைமேல் பாய்ந்தது. போருக்காகச் செயற்கை ரப்பர் தயாரிக்கத் தேவைப்பட்ட பியூட்டாடையீன் என்ற பொருளைத் தயாரித்த ஆலை அது. மக்கள் கொதித்தார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட முயன்றது. ஆனால், மூச்சு விட்டால் இருமல்தான் வந்தது. புகைமூட்டம் போகவே இல்லை!

அதற்கப்புறம் பழி ஒவ்வொருவர் மேலாக விழுந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஆரஞ்சுத் தோட்டங்களில் குளிருக்கு மூட்டும் கணப்புகள், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கிற அடுப்புகள்... எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குற்றம் இருந்தது உண்மை. கொல்லை அடுப்புகளுக்கு 1957-ல் தடையே வந்தது. ஆனால், பிரதான ஆசாமி மட்டும் யார் கண்ணிலும் படாமல், பகிரங்கமாக நகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான்கு சக்கரங்களில்!

அவனைக் கையும் களவுமாகப் பிடித்தவர், அன்னாசிப்பழத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு விஞ்ஞானி.

ஆரி யான் ஹாகன்-ஸ்மிட் என்று பெயர். ஹாலந்தில் பிறந்தவர். பாஸடீனா நகரில் உள்ள கால்டெக் கல்வி நிறுவனத்தில் உயிர் வேதியியல் பேராசிரியர். அன்னாசிக்கு அந்த வாசனை எந்தெந்த ரசாயனங்களால் வருகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. மலைபோலக் குவிந்த பழத்தில் இருந்து சில கிராம் வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்கிற பொறுமைசாலி. ‘வாசனையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு நாற்றத்தைப் பிரிக்கத் தெரியாதா?’ என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அவரிடம் உதவி கேட்டார்கள். மனிதர் வெளிக்காற்றை ஏராளமாக இழுத்து, கடுமையாகக் குளிர வைத்து, அதில் இருந்து சில துளி பழுப்புத் திரவத்தை எடுத்தார். பெட்ரோலிய வகையறா ஆவிகள், வேதிமாற்றம் அடைந்த நிலையில் அதில் இருந்தன.

மெள்ள மெள்ள அவர் சேர்த்துக் கட்டிய கதை இதுதான். காரின் சைலன்ஸர் வழியாகவும், எண்ணெய்க் கிடங்குகளில் இருந்தும் எரியாத பெட்ரோல் ஆவி வெளியேறுகிறது. அதோடு, இன்ஜினின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சேர்கின்றன. இவை இரண்டின்மீதும் கலிஃபோர்னியாவின் பளீர் வெயில் அடிக்கிறது. விளைவு? ஓஸோன்! வானத்தின் உச்சியில் இருந்தால் நம்மைக் காக்கிற அதே ஓஸோன், மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கும். எந்த ஒரு புகைபோக்கியில் இருந்தும் வராமல், தெருவிலேயே வெயிலில் ‘சமையல்’ ஆகிற நஞ்சு அது. தொழிற்சாலையை மூடியும் புகைமூட்டம் ஏன் போகவில்லை என்பது இப்போது புரிகிறதா?

ஓஸோனை அளக்க அவர் பயன்படுத்திய உத்தி ரொம்ப எளிமையானது. ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்துவிடுவார். எவ்வளவு சீக்கிரம் அதில் வெடிப்பு விழுகிறதோ, அவ்வளவு ஓஸோன்! லாஸ் ஏஞ்சல்ஸ் கார்களின் டயர்கள் சீக்கிரமே வெடித்துப்போன மர்மமும் அதோடு விலகியது. (இந்த ரப்பர் வெடிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்கள் காருக்குள்ளேயே அது தலைகாட்டப் போகிறது.)

எண்ணெய்க் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவர்களுடைய பணத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு எதிர் ஆராய்ச்சி நடத்தியது. அங்கிருந்து வந்த ஒருவர் கால்டெக்கிலேயே மேடையேறி, ஹாகன்-ஸ்மிட்டின் முடிவுகள் சரியில்லை என்று பேசினார். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரை ‘சொல்லியாச்சு, இனி அன்னாசிக்குத் திரும்பலாம்’ என்றிருந்தவர், பழத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு முழுமூச்சாகப் புகையில் இறங்கிவிட்டார். ஒரு கோபத்தால் உலகத்துக்கு நல்லது நடந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது!

கார் கம்பெனிகள் வேறு ரகம். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டி நிர்வாகக் குழுவில் இருந்த கென்னத் ஹான், 1953-ல் இருந்து டெட்ராய்ட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். ‘கார் புகை காற்றில் சீக்கிரமே கரைந்துவிடும், அதனால் பிரச்னை எதுவும் இல்லை’ என்ற பாணியில் ஃபோர்டில் இருந்து பதில் வந்தது. புகையைக் குறைக்கும் கருவிகளைத் தாமதப்படுத்தக் கார் கம்பெனிகள் தங்களுக்குள் கூட்டுச் சதி செய்ததாக அமெரிக்க நீதித் துறை 1969-ல் வழக்கே போட்டது. விசாரணைக்குப் போகாமல் அதே வருடம் சமரசத்தில் முடிந்தது தனிக் கதை.

இதற்கிடையில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை அதுவரை அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு வால்வு, ஒரு ரப்பர் ஹோஸ் மூலம் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பி எரிக்க ஏற்பாடு செய்தார்கள். 1961 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவில் மட்டும். 1963 மாடலில் இருந்து அமெரிக்கா முழுக்க. பி.ஸி.வி. வால்வு என்று பெயர். இன்றைக்கும் உங்கள் காரில் இருக்கிறது.

அடுத்து, ‘மிக்ஸரை லீனாக்கினால் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரியுமே’ என்று அந்தப் பக்கம் போனார்கள். எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்ஸைடும் குறைந்தன. ஆனால், நைட்ரஜன் ஆக்ஸைடு எகிறியது! ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் புடைக்கிற பலூன் மாதிரி. போதாக்குறைக்கு, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்கள் திக்கித் திணறின.

1970 டிசம்பர் 31-ம் தேதி அதிபர் நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கார்களின் நச்சு வாயுக்களைத் தொண்ணூறு சதவிகிதம் குறைக்க வேண்டும், அதுவும் 1970-களின் நடுவிலேயே! ‘நடக்கிற காரியமா?’ என்று டெட்ராய்ட் அலறியது. கெடு தள்ளிப்போனாலும், விஞ்ஞானிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பிளாட்டினம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய ஒரு சல்லடையைச் சைலன்ஸருக்கு முன்னால் வைத்தால், மூன்று வகை நஞ்சையும் அது ஒரே நேரத்தில் மாற்றிவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்! பிளாட்டினத்தின்மேல் ஈயம் படிந்தால் அது செத்துவிடும் என்பதால், பெட்ரோலில் இருந்து ஈயமும் வெளியேற வேண்டியிருந்தது. அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு குறையத் தொடங்கியது, யாரும் எதிர்பார்க்காமல் கிடைத்த போனஸ்!

ஆனால், அந்தச் சல்லடை ஒரு கறாரான நிபந்தனை போட்டது. காற்றும் பெட்ரோலும் மிகச் சரியாக 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் லீன் ஆனால், நைட்ரஜன் ஆக்ஸைடு தப்பிவிடும். கொஞ்சம் ரிச் ஆனால் மற்ற இரண்டும் தப்பிவிடும். காதால் கேட்டு ஸ்க்ரூ திருகுகிற மெக்கானிக், எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும், இதற்குப் போதாது. விநாடிக்கு விநாடி புகையை ருசிபார்த்து ‘லீன்... ரிச்... லீன்...’ என்று சொல்ல ஓர் ஆள் தேவை.

அந்த ஆளுக்கான மண், ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட்டிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது! 1897-ல் அவர் செய்த ஒரு புதுவித மின்விளக்கில், ஸிர்கோனியா கலந்த பீங்கானைத்தான் ஒளிரவைத்தார். சூடானால் அதற்குள் ஆக்ஸிஜன் அயனிகள் நகரும். ஒரு பக்கம் வெளிக்காற்றும் மறுபக்கம் புகையும் பட்டால், இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்குத் தக்கபடி மின்னழுத்தம் கிடைக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இந்தத் தத்துவத்தை ஒரு கட்டைவிரல் அளவுக் கருவியாக்கியது. ரிச் என்றால் சுமார் 0.9 வோல்ட், லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட். 1976-ல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனம், கலிஃபோர்னியாவில் விற்ற 1977 மாடல் காரில் இதைப் பொருத்தியது. உங்கள் மெக்கானிக் மாற்றத் துடிக்கிறாரே, அந்த ஆக்ஸிஜன் சென்ஸார் இதுதான்! கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்த ஹாகன்-ஸ்மிட், 1977 மார்ச்சில் இறந்தார். அவர் பெயர் பொறித்த கருவி எதுவும் காரில் இல்லை. ஆனால், அவர் ஆரம்பித்துவைத்த வேலையின் பலன் அப்போதே கலிஃபோர்னிய ரோடுகளில் ஓட ஆரம்பித்திருந்தது.

சென்ஸார் வந்ததும், அது சொல்வதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கக் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் வந்ததும், தன்னால் முடியாதபோது அது கூப்பாடு போட ஒரு விளக்கு வந்தது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் இந்த ஏற்பாட்டைச் செய்தது. அப்போது ஸ்கேனர்கூட வேண்டாம். டாஷ்போர்டின் கீழே இருக்கும் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், விளக்கே தந்தி அடிப்பதுபோல விட்டுவிட்டு மின்னும். நான்கு மின்னல், சின்ன இடைவெளி, மறுபடி நான்கு. அதாவது 44. அர்த்தம் என்ன தெரியுமா? லீன்!

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை என்ற குழப்பம், 1996-ல் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் ஒரே மாதிரிப் பிளக், ஒரே மாதிரிக் குறியீடு. பி-0171 பிறந்தது. நம் ஊருக்கு வருவோம். 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புது கார்களுக்கு கன்வெர்ட்டரும், அதற்காக ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. 2000-ல் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. பாரத் ஸ்டேஜ்-4 விதிகளோடு 2010-ல் காருக்குள்ளேயே கோளாறைக் கண்காணிக்கும் முறை கட்டாயமாகி, 2013-ல் இன்னும் கறாரானது.

ஆக, அந்த விளக்கு உங்கள் பர்ஸைக் காப்பாற்ற வந்ததல்ல. உங்கள் காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறாரே ஓர் அம்மா, முன்னால் ஒரு குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு... அவர்களுக்காக வந்தது அது! அதனால்தான் கார் நன்றாக ஓடும்போதும் எரிகிறது.

சரி, இப்போது உங்கள் காரைப் பார்ப்போம். விளக்கு எரிந்த அன்றைக்கு வந்த வியாதி இல்லை இது. சென்ஸார் ‘லீன்’ என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை 5 சதவிகிதம், 10 சதவிகிதம் என்று கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மாசக் கடைசியில் துண்டு விழுவதை யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கிற குடும்பத் தலைவி மாதிரி! பல கார்களில் இது 20, 25 சதவிகிதத்தைத் தொடும்போதுதான் ‘இனி என்னால் ஆகாது’ என்று விளக்கைப் போடும். இந்தச் சமாளிப்புக் கணக்குக்கு ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்று பெயர். ஸ்கேனரில் தெரியும். மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். ‘ட்ரிம் எவ்வளவு? நின்றபடி ஓடும்போது எவ்வளவு, 2,500 ஆர்.பி.எம்-ல் எவ்வளவு?’

நின்றபடி ஓடும்போது அதிகமாகவும், ஆர்.பி.எம். ஏறினால் குறைவாகவும் இருந்தால், எங்கோ ஏர் லீக். கள்ளத்தனமாக நுழைகிற காற்று, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பெரிய பங்கு. வேகமாகச் சுற்றும்போது சின்னப் பங்கு. அவ்வளவுதான் கணக்கு. எங்கே லீக்? பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ்களில், அதிலும் குறிப்பாக அந்த பி.ஸி.வி. ஹோஸில்! காலமும் சூடும் எண்ணெயும், ஹாகன்-ஸ்மிட் அளந்த அதே ஓஸோனும் சேர்ந்து ரப்பரை வெடிக்க வைக்கின்றன. இன்ஜினுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

நின்றபடி ஓடும்போது சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போதோ வேகத்திலோ ட்ரிம் ஏறினால்? பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்... முதலில் பிரஷர் பாருங்கள். உள்ளே போகும் காற்றை எடைபோடும் சென்ஸாரில் தூசு படிந்திருந்தாலும் இதே கதைதான். வந்த காற்றைக் குறைத்துச் சொல்லும். சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் காற்றை எடைபோடாமல், அழுத்தத்தை அளக்கிற சென்ஸார்தான் இருக்கும். அவற்றில் ஏர் லீக் பெரும்பாலும் லீனாகத் தெரியாது, ஆர்.பி.எம். தானாக ஏறுவதாகத்தான் தெரியும். அங்கே பெட்ரோல் பக்கத்தை முதலில் சந்தேகப்படுங்கள். சென்ஸாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து ‘பொய் லீன்’ காட்டுவதும் உண்டு.

இப்போது ஒரு புது விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. அதற்குத் தேவையான விகிதம் 14.7 அல்ல, சுமார் பதின்மூன்றரை. அதாவது, பழைய கார்களின் கம்ப்யூட்டர் எந்தக் கோளாறும் இல்லாமலே பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டித்தான் ஆக வேண்டும். சமாளிக்கிற கையிருப்பில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். முன்பு விளக்கை எரியவைக்காத சின்ன லீக், இப்போது எரியவைக்கலாம்.

கடைசியாகத்தான் ஆக்ஸிஜன் சென்ஸார். அதற்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. மெக்கானிக் வேண்டுமென்றே மிக்ஸரைச் சற்று ரிச் ஆக்கிப் பார்க்கட்டும். சென்ஸார் சட்டென்று 0.9 வோல்ட்டுக்குத் தாவினால், அது உயிரோடுதான் இருக்கிறது, உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாவவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

‘வண்டிதான் ஓடுதே, விளக்கை மட்டும் அணைச்சிடுங்க’ என்று கேட்கிறவர்களும் உண்டு. ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டினால் அணைந்துவிடும்தான். ஆனால், மிக்ஸர் அப்படியேதான் இருக்கும். லீன் முற்றினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் எரியாத ஆவியாகவே வெளியேறும். கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சூட்டில் பாழாக்கும். அந்தச் சல்லடையின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வெடித்துப்போன ஒரு முழ ரப்பர் ஹோஸை அன்றைக்கே மாற்றியிருக்கலாமே என்று தோன்றும்.

அமெரிக்காவில் இன்று விற்கும் ஒரு புது கார், 1970-ல் விற்ற காரோடு ஒப்பிட்டால், முக்கியமான நச்சு வாயுக்களில் 99 சதவிகிதம் குறைவாகவே வெளியிடுகிறது என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓஸோன் இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனால், 1943-ஐப் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரும் வானத்தில் ஜப்பானிய விமானத்தைத் தேடுவதில்லை. உண்மையான ஆசாமியை அடையாளம் காட்ட ஒருவர் பிடிவாதமாக இருந்ததால் வந்த வித்தியாசம் அது. உங்கள் மெக்கானிக்கையும் கொஞ்சம் பிடிவாதமாகத் தேடச் சொல்லுங்கள். முதலில் பி.ஸி.வி. ஹோஸில் இருந்து!